சந்தனம் பூசின பேட்டரி

அளத்தங்கரையில் பலவேசத்தின் கறுப்புக் காருக்குப் புது பேட்டரி மாட்டிய வெள்ளிக்கிழமையிலிருந்துதான், அடித்த அடியெல்லாம் அடித்தவன் உடம்புக்கே திரும்பி வர ஆரம்பித்தது. அதற்கு முன்னாலும் அந்த ஊரில் அடிக்குக் குறைவில்லை. ஆனால் அதுவரை அடி என்பது கையைவிட்டுப் போனால் போனதுதான். வாங்கின உடம்பு அதைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போகும், உப்புத் தண்ணியில் நின்று எரியவிட்டு ஆற்றிக்கொள்ளும், கொடுத்த கை வீட்டில் உட்கார்ந்து சோற்றைப் பிசையும். யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. வெயில் அடிக்கிற மாதிரி, கடல் காற்று அடிக்கிற மாதிரி, ஆம்பளைகளும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பேராச்சிக்கு அந்த ஊரில் இரண்டு உயிர்கள் இருந்தன. ஒன்று புருஷன் பலவேசம், லாரிகளுக்கு உப்பு மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்குத் தலைவன். இன்னொன்று கூடப்பிறந்த தம்பி சுயம்பு. பலவேசத்தின் கீழேயே கொக்கி பிடித்து மூட்டை தூக்கப் பழகி, அவன் வீட்டுச் சோற்றையே தின்று வளர்ந்து, பிறகு பாதி ஆட்களைப் பிரித்துக்கொண்டு போய் உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற வடக்குக் கிட்டங்கியின் லாரிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டவன். ஒருத்தனை ஒருத்தன் வெட்டப்போவதாக இரண்டு பேரும் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் யாரை வெட்டினாலும் தனக்குத்தான் இழவு என்று பேராச்சிக்குத் தெரியும். அதனால் சோறு வடிக்கும்போதும், துணி அலசும்போதும், கண்ணை மூடிச் சாமி கும்பிடும்போதும் அவள் காது மட்டும் வாசலிலேயே இருக்கும். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாகப் போனால் கையில் இருக்கிற பாத்திரத்தைக் கீழே போட்டுவிடுவாள்.

போன மழைக்காலத்தில் சுயம்பு பின்வாசல் வழியாக வந்து, ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அவளும் ஒன்றும் கேட்காமல் கல்லுப்பைப் போட்டுக் கசக்கி, ரத்தம் போகிற வரைக்கும் அலசிக் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாள்தான், சுயம்புவை விட்டு மறுபடியும் பலவேசத்தின் பக்கம் வந்துவிட்ட தங்கப்பழம் என்கிறவன் கழுத்தில் ஒரே வெட்டோடு உப்போடையில் மிதந்தான். பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஊருக்கே தெரியும். அன்றைக்குப் பிறகு சுயம்பு யார்மேலும் கை வைக்கவில்லை. பேசுவான், ஆட்களை ஏவுவான், கையைமட்டும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வான்.

அந்தப் பேச்சால்தான் வினை வந்தது. ஒருநாள் வடக்குக் கிட்டங்கி வாசலில், சுயம்புவின் ஆட்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டு நிற்கிற நேரமாகப் பார்த்துப் பலவேசத்தின் கார் நின்றுபோனது. பேட்டரி செத்துவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சுயம்பு டீ கிளாஸோடு வந்து ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"என்ன அத்தான், வண்டியும் உங்களை மாதிரியே ஆயிட்டு? சத்தம் இருக்கு, சரக்கு இல்லயே" என்றான்.

சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டு, காரைத் தள்ளச் சொன்னான். அவர்கள் விசில் அடித்துக்கொண்டு, சப்பரம் இழுக்கிற மாதிரி கூச்சல் போட்டுக்கொண்டு, கிட்டங்கி வாசலில் இருந்து பலவேசத்தின் வீடு இருக்கிற அம்பாரத் தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பலவேசம் இறங்கவும் முடியாமல், திட்டவும் முடியாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும் அவன் ஒரு சபதம் போட்டான். இதே காரில், இதே ரோட்டில் போய் இறங்கித்தான் சுயம்புவின் தலையை எடுப்பேன், வேறு வண்டியில் போனால் நான் பலவேசம் இல்லை என்றான். தெருவே கேட்டது.

அப்படித்தான் புது பேட்டரி வந்தது. அந்த வீட்டில் புதுச் சாமான் எதற்கும் மஞ்சள், சந்தனம், குங்குமம் வைக்காமல் கை வைக்க மாட்டார்கள். விளக்குமாறு வாங்கினாலும் வைப்பார்கள், அரிவாள் வாங்கினாலும் வைப்பார்கள். பலவேசம் பேட்டரியை மணையில் தூக்கிவைத்து, மஞ்சள் தண்ணி தெளித்து, சந்தனம் கொண்டா என்று கத்தினான். பேராச்சி கை நடுங்க அரைத்துக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது. கொண்டுவந்ததும் கன்னத்தில் ஒன்று விட்டான். அவள் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்து பூசினாள். பேட்டரிக்கு மேலே கட்டைவிரல் மாதிரி இரண்டு ஈயக் குமிழ்கள் இருந்தன, ஒன்று தடி, ஒன்று மெலிசு. தடியான குமிழில் புருஷனை நினைத்துப் பூசினாள். மெலிசானதில், அவனுக்குத் தெரியாமல், தம்பியை நினைத்துப் பூசினாள். பயத்தில் கை நிற்கவில்லை. ஒரு பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு, அதற்குமேல் குங்குமம், குங்குமத்துக்கு மேல் மறுபடி சந்தனம் என்று, இரண்டு உயிருக்கும் சேர்த்துக் கிண்ணி காலியாகிற வரைக்கும் பூசினாள். அதற்கு மேலேயே பலவேசம் வயர்க் கவ்விகளை மாட்டி ஸ்பேனரால் முறுக்கினான். வெயிலில் சந்தனம் செங்கல் மாதிரி இறுகிவிட்டது.

சீட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் கட்டிய அரிவாள் இருந்தது. ஆட்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பலவேசம் முருகா என்று சாமியைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. வண்டி கிளம்பவில்லை. பலவேசத்தின் தலைமட்டும் சடாரென்று ஒரு பக்கம் திரும்பியது, கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து எழும்பியது.

எவம்லே அடிச்சது என்று அவன் பின்னால் திரும்பிக் கேட்டான். யாரும் அடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினான். 'டக்'. தோள்பட்டையில் சட்டை கிழிந்து, கொக்கி இறங்கிய மாதிரி ஆழமாக ஒரு ஓட்டை விழுந்து ரத்தம் வழிந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் மூட்டையைக் கீழே போட்டவன் ஒருத்தனுக்குப் பலவேசம் கொக்கியால் போட்டது அதே தோளில்தான். அந்த ஆள் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் தன் தோளில் இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வாசற்படியில் நின்ற பேராச்சி புருஷனின் கன்னத்தைப் பார்த்தாள். அதில் மோதிரத்தின் சிங்கமுகம் தெளிவாகப் பதிந்திருந்தது. அந்த மோதிரம் பலவேசத்தின் விரலிலேயே இருந்தது. அவள் தன் கன்னத்தைத் தடவினாள். அதே சிங்கம் அங்கேயும் இருந்தது.

ஆட்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். தெருமுனை வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் பலவேசம் கிளச்சை விட்டதும், கார் எருமை மாதிரி முரண்டுபிடித்து நின்றது. தள்ளினவர்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தனுக்கு மூக்கு உடைந்தது, ஒருத்தனுக்கு முதுகில் பெல்ட் தடம் ஒன்று நீளமாக எழும்பியது, ஒருத்தனுக்குத் தலைமயிர் ஒரு கொத்தாகக் கையோடு வந்தது. அவன்தான் முந்தின நாள் பெண்டாட்டியை முடியைப் பிடித்து இழுத்தவன்.

கார் எலக்ட்ரீசியன் மிக்கேலைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் ஹாரன் அடித்தான், அடித்தது. லைட் போட்டான், மங்கலாக எரிந்தது. தானும் ஒரு தடவை சாவியைத் திருப்பினான். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளிய மாதிரி, திறந்திருந்த கதவு வழியாக மல்லாக்க விழுந்தான். போன வாரம் குடித்துவிட்டு அப்பனைப் பிடித்துத் தள்ளினது அவனுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, எர்த் அடிக்குது அண்ணாச்சி என்றான். அன்றிலிருந்து ஊரில் அதற்கு எர்த்து என்றே பெயர் ஆகிவிட்டது.

பானட்டைத் தூக்கிப் பார்த்தவன் குமிழ்களை விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கோளாறு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. டெர்மினல்ல சந்தனம் காஞ்சு கட்டியா நிக்கி. கரண்ட் தாண்ட மாட்டேங்கு. அந்தச் சந்தனம் குங்குமத்தை வழிச்சு எடுத்துட்டா வண்டி ஒரே அடியில கிளம்பிரும்."

பலவேசம் அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டான். தலை எடுக்கப் போகிற வண்டியில், சுமங்கலி கையால் வைத்த குங்குமத்தை அழிக்கச் சொல்கிறாயா என்று கேட்டான். தெருவில் நின்ற பெண்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள். புருஷன் வண்டிக்கு வைத்த குங்குமத்தை யார் துடைத்தாலும் அது பேராச்சியின் நெற்றியைத் துடைத்த மாதிரிதான், பிறகு தாலி நிற்காது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். உதட்டில் ரத்தத்தோடு மிக்கேல் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். பலவேசம் ஆத்திரத்தில் மறுபடி சாவியைத் திருப்ப, அவன் உதடும் கிழிந்தது.

ஆக, கோளாறு என்னவென்று முதல் நாளே ஊருக்குத் தெரியும். அதில் கை வைக்கத்தான் ஆள் இல்லை. வண்டி வாசலிலேயே நின்றது.

ஒரு வாரத்தில் அளத்தங்கரை அதற்குப் பழகிவிட்டது. முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிறகு தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்டாட்டிமார் புருஷன்மாரிடம், நீங்க யோக்கியம்னா போய் ஒருதரம் சாவியைத் திருப்பிட்டு வாங்க என்று சொல்லிவிட்டுத் தண்ணிக்குப் போனார்கள். பள்ளிக்கூட வாத்தியார் சிரித்துக்கொண்டே திருப்பினார். வலது உள்ளங்கை வீங்கி, மாதம் முழுக்கச் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனது. கோயிலில் விளக்குப் போடுகிற, எறும்பைக்கூட மிதிக்காதவர் என்று பெயர் வாங்கின ஒரு பெரியவர் திருப்பினார். விலா எலும்பு முறிகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அவர் பெண்டாட்டி செத்தே வருஷக்கணக்கு ஆகியிருந்தது. ஊரெல்லாம் பேய் என்று ஒதுக்கிவைத்த வாயாடி ஒருத்தி திருப்பினாள். அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. அவள் இறங்கி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். கிட்டங்கி முதலாளியும் வந்தார். தங்கப்பழத்தை வெட்டச் சொன்னதே அவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் விரலை வைத்து நாசூக்காகத் திருப்பினார், வெறும் 'டக்' சத்தம்தான் வந்தது, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அவர் தன் கையால் யாரையும் தொட்டதே இல்லை. தன் கை பட்ட அடிதான் திரும்பும், ஏவிவிட்ட அடி திரும்பாது என்பதை ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. போலீஸ் ஏட்டு ஒருத்தர் விசாரிக்க வந்தார். கதவில் கை வைத்தவர், எதையோ நினைத்துக்கொண்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

அடி கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தது. ஒரு திருப்புக்கு ஒரு அடி. நேற்றைய அடி முதலில், அதற்கு முந்தினது அடுத்தது. இதுவும் ஊருக்குப் பழகிவிட்டது. வீடுகளில் ஓங்கின கை பாதியில் நின்றது. சாவியைத் திருப்ப வெச்சிருவேன் என்று பெண்கள் மிரட்ட ஆரம்பித்தார்கள். அம்பாரத் தெருவில் சாயங்காலம் ஆனால் கேட்கிற அழுகைச் சத்தம் குறைந்து, கடைசியில் கொக்கு கத்துவதும் டிவி சத்தமும்தான் மிச்சம் இருந்தது. அந்த அமைதியில் பேராச்சிக்குத் தூக்கம் வராமல் போனது.

காரணம் பலவேசம்தான். அவன் விடுவதாக இல்லை. சந்தனத்தைத் தொடவும் மாட்டான், வேறு வண்டியில் போகவும் மாட்டான். நான் கொடுத்ததெல்லாம் வரட்டும், எல்லாம் வந்து தீர்ந்தால் வண்டி கிளம்பித்தானே ஆகணும் என்று சொல்லிவிட்டான். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிற மாதிரி போய்க் காரில் உட்காருவான். தாங்குகிற வரைக்கும் திருப்புவான். கை முறியும், கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் மற்றக் கையால் திருப்புவான். சைக்கிள் செயின் அடி வந்தது, செருப்படி வந்தது, பீர்பாட்டில் குத்து வந்தது. சீட்டு ரத்தத்தில் ஊறிக் கறுத்து, ஈ மொய்த்தது. அவனோடு ஏறின ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். பேராச்சி வெந்நீர் வைப்பதும், மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுவதும், கஞ்சி ஊற்றுவதுமாக இருந்தாள். இவன் முடித்துவிட்டால் தம்பி செத்தான், முடிக்கவில்லை என்றால் இவன் செத்தான். பற்றுப் போடும்போது அவளுக்கு ஒன்று தெரிந்தது. ஊரான் வாங்கின அடிகளுக்கு நடுவே, தான் வாங்கினதும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. முழங்கையில் கரண்டி சுட்ட வடு. காதுக்குப் பின்னால் அம்மிக்குழவி பட்டது. கடைவாய்ப்பல். அவன் துப்பிய பல்லைக் கையில் வாங்கியபோது, எது எந்த வருஷத்துக்கு உரியது என்று அவளால் சொல்ல முடிந்தது. அவனுக்குத்தான் ஞாபகம் இல்லை. இது எவன்லே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டான். அவள் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவன் சாவியைத் திருப்பினபோது சத்தமே போடாமல் இரண்டாக மடிந்தான். நெற்றி ஸ்டியரிங்கில் போய் மோதியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூச்சு வராமல் கிடந்தான். கொஞ்ச நேரத்தில் வேட்டி நனைந்து ரத்தம் காலில் இறங்கி, கிளச்சுக்குக் கீழே தேங்கியது. பேராச்சி ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதுசில், வயிற்றில் பிள்ளை ஆறு மாதமாக இருக்கையில், அடுப்படியில், அவன் காலால் விட்ட ஒன்று அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொட்டில் கட்டவே இல்லை. அவன் அந்த ரத்தத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் யாருடையது என்று கேட்கவில்லை.

"இப்படியா இருந்துச்சு?" என்றான்.

"இதுக்கு மேலயும் இருந்துச்சு" என்றாள் பேராச்சி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கை மறுபடியும் சாவிக்குப் போனது. தம்பியை வெட்டக் கிளம்புவதற்காகத் திருப்பப் போகிறானா, அவளுக்குச் செய்ததை எல்லாம் வாங்கித் தீர்ப்பதற்காகத் திருப்பப் போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. அதற்குள் தெருமுனையில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன.

சுயம்பு ஆட்களோடு இறங்கி நடந்து வந்தான். சட்டைக்குப் பின்னால் அரிவாள் முதுகெலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. பலவேசம் முக்கால்வாசி முடித்துவிட்டான், எந்த நாளும் வண்டி கிளம்பிவிடும் என்று ஊரில் பேச்சு. முந்திக்கொள்ள வேண்டும் என்று அவன் ஆட்கள் நச்சரித்திருந்தார்கள். தெருவில் கதவுகள் சாத்தின, பிறகு ஒரு விரல் அகலம் திறந்தன.

யக்கா தள்ளிக்கோ என்றான் சுயம்பு. அவள் தள்ளவில்லை. பலவேசம் உள்ளே இருந்து சிரித்தான். பல் போன வாயோடு, ரத்தத்தில் உட்கார்ந்துகொண்டு, பழைய பலவேசமாகவே சிரித்தான். மெல்லப் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்து, டிரைவர் சீட்டைத் தட்டிக் காட்டினான்.

"வா மாப்ளே. நான் இத்தனை நாளா திருப்புதேன். நீ ஒரே ஒருதரம் திருப்பு. திருப்பிட்டு என்னை வெட்டு, நான் கழுத்தைக் காட்டுதேன். சரக்கு உங்கிட்டதான இருக்கு?"

சுயம்புவின் ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். சாத்திய கதவுகள் எல்லாம் அவனைப் பார்த்தன. காரைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் இப்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஏறி உட்கார்ந்தான். பேராச்சி ஜன்னலுக்குள் தலையை நீட்டி, அவன் காதில் மட்டும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"தம்பி, சட்டை அலசின நாளுக்குப் பெறவு யாரையாவது அடிச்சிருக்கியா? ஒரு அறையாவது?"

வாழ்நாளில் முதல்முறையாக, தன் தம்பி யாரையாவது அடித்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஒரு நாயையாவது, ஒரு பிச்சைக்காரனையாவது, கூட இருக்கிற ஒரு தடியனையாவது அவன் ஓங்கி ஒரு அறை அறைந்திருந்தால், முதல் திருப்புக்கு அது வரும், கன்னம் வீங்குவதோடு போகும்.

சுயம்பு இல்லை என்று தலையசைத்தான். அதற்குள் அவனுக்கும் புரிந்துவிட்டது. இறங்கினால் அப்புறம் அவனுக்கு அளத்தங்கரையில் லாரியும் இல்லை, ஆளும் இல்லை. இறங்காவிட்டால் கழுத்து. அவன் கழுத்தை ஒருதரம் தடவிக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல், சாவியில் கை வைத்தான்.

பேராச்சி காரின் முன்பக்கம் போய்ப் பானட்டைத் தூக்கினாள். உள்ளே பேட்டரி அந்த வெள்ளிக்கிழமை இருந்த மாதிரியே இருந்தது, இரண்டு குமிழிலும் சந்தனம் பாளம் பாளமாக வெடித்து, நடுவே குங்குமம் காய்ந்த ரத்தம் மாதிரி. கையால் முறுக்கிப் பிடுங்கினாள். தடியான கவ்வியும் வந்தது, மெலிசான கவ்வியும் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று ஒரு கணம் நின்றாள். பிறகு முந்தானையை வாயில் கவ்வி எச்சிலில் நனைத்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் துடைத்தாள். துடைக்கிறாளே, பாவி துடைக்கிறாளே என்று எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்துகொண்டு அலறினாள். பேராச்சி நகத்தால் சுரண்டினாள், ஈயம் பளிச்சென்று தெரிகிற வரைக்கும் சுரண்டினாள், நகம் பெயர்ந்தும் சுரண்டினாள். நெற்றி வியர்த்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்ததில், அவள் வைத்திருந்த பொட்டும் அழிந்துபோனது. அதை அவள் கவனிக்கவில்லை, தெரு கவனித்தது. கவ்விகளை மாட்டி, உள்ளங்கையால் அறைந்து இறக்கினாள்.

"இப்ப திருப்பு" என்றாள்.

கார் கிளம்பியது. ஒரே அடியில், மிக்கேல் சொன்ன மாதிரியே. இத்தனை நாள் அடைத்துவைத்திருந்த புகையையெல்லாம் தெருவில் துப்பிக்கொண்டு, உறுமியது. சுயம்புவின் கழுத்தில் ஒரு கீறலும் இல்லை. அவன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வண்டி ஓடிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போக வேண்டியவனுக்கு வண்டி கிளம்பிவிட்டது. வெட்டப்பட வேண்டியவன் டிரைவர் சீட்டில் இருந்தான். பலவேசத்தின் கை மெதுவாகச் சீட்டுக்கு அடியில் போய் எலுமிச்சம்பழத்தைத் தடவி, பிடியைத் தொட்டது. சுயம்புவின் கை முதுகுப்பக்கம் போனது. பின்னால் நின்ற ஆட்கள் ஒரு அடி விலகினார்கள்.

பேராச்சி வீட்டுக்குள் போய் வந்தாள். திறந்த பானட்டுக்கு முன்னால் நின்றாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணி இருந்தது, மறுகை விரல்கள் அதற்குள் முங்கியிருந்தன. குரலை உயர்த்தவில்லை.

"மறுபடியும் பூசவா?" என்று கேட்டாள்.

எஞ்சின் சத்தத்துக்கு மேலே அது தெரு முழுக்கக் கேட்டது. முதலில் சுயம்புவின் கை முன்னுக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. அப்புறம் பலவேசத்தின் கை மேலே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவள் பானட்டை இறக்கி, கிண்ணியோடேயே பின்கதவைத் திறந்து ஏறி, இரண்டு பேருக்கும் நடுவே தெரிகிற மாதிரி உட்கார்ந்து, பெரியாஸ்பத்திரிக்கு விடு என்றாள். பலவேசம் சபதம் போட்ட அதே ரோட்டில், அதே வடக்குக் கிட்டங்கி வாசலைத் தாண்டி, மச்சினன் ஓட்ட, அத்தான் பக்கத்தில் முனகிக்கொண்டு வர, அந்தக் கார் போனது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

பலவேசம் சாகவில்லை. குங்குமத்தைத் துடைத்த பிறகும் எப்படி இருக்கிறான் என்று பெண்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். கஞ்சி குடித்துக்கொண்டு, கம்பு ஊன்றிக்கொண்டு, மிச்சமிருக்கும் அடிகளோடு இருந்தான். அது எத்தனை என்று அவனுக்கும் தெரியாது. பேராச்சிக்குத் தெரியும்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். வாசல் விளக்கைப் போட்டபோது, மூன்று வீடு தள்ளி ஒரு அறைச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் அழுகை, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற பழைய அழுகை. வண்டி கிளம்பிவிட்டது, இனி எர்த்து அடிக்காது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு வீட்டில் பாத்திரம் உருண்டது. பேராச்சி கையில் மடித்த வேட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் நிழல் ஆடியது. மூன்று வீடு தள்ளி இருக்கிறவள், வீங்கின கன்னத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கிண்ணியோடு நின்றாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைல்லா மைனி" என்றாள். "அவுக பைக்குக்குப் பூசணும். கொஞ்சம் சந்தனம் தருவியளா?"

அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரி நின்றாள். அவளுக்குப் பின்னால் மிக்கேலின் பெண்டாட்டி. அதற்குப் பின்னாலும் கிண்ணிகள் தெரிந்தன. பேராச்சி வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, கல்லைக் கழுவி, சந்தனக் கட்டையை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். கை நடுங்கவில்லை. கெட்டியாகவே அரைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்பாரத் தெருவில் ஒரு வண்டியும் கிளம்பவில்லை.